குடிய விட்டுட்டு வரேன்

கொரியாவின் தென்கரையில், நோக்தோங் துறைமுகத்துச் சபையில் அழைப்பு ஞாயிறு என்றால் கல்யாண வீடு தோற்றுப்போகும். நாரத்தை பழுக்கத் தொடங்குகிற சமயத்தில் வருஷத்துக்கு ஒரு முறை வரும். அதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஆலய முகப்பில் காகிதத்தில் வெட்டிய பெரிய மரம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். விசுவாசிகள் ஆளுக்கொரு சீட்டில், இன்னும் ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாத சொந்தக்காரர் யாராவது ஒருவர் பேரை எழுதி அந்த மரத்தில் மாட்ட வேண்டும். மாட்டிய ஆத்துமாவுக்காக உபவாசம் இருந்து ஜெபித்து, அந்த ஞாயிறு கையோடு கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். அதிக ஆத்துமாக்களைக் கூட்டிவரும் தெருக்காரர்களுக்கு ஒரு ரைஸ் குக்கர் பரிசு. ரட்சிப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. கேட்டவர்கள் யாரும் அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததும் இல்லை.

யாங் போக்சில் தன் சீட்டில் புருஷன் பேரை எழுதினாள். மா தால்சூ. இருபத்தாறு வருஷமாக அதே பேர். எழுதி எழுதி அவளுக்குக் கை மரத்துவிட்டது. அவருக்கு மனசு மரத்துவிட்டது போலிருக்கிறது.

"என்ன குவோன்சாம்மா, இந்த வருஷமும் இவருதானா? வேற ஆளே கெடைக்கலையா?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் சோல் குவோன்சா. குவோன்சா என்றால் சபையில் மூத்த பெண்களுக்குக் கிடைக்கிற பட்டம். போக்சிலுக்கும் அந்தப் பட்டம் உண்டு. ஆனால் சோல் அம்மாளுடைய புருஷன் மூப்பர், மருமகன் பாட்டுக் குழு நடத்துகிறவர், பேரப்பிள்ளைகள்கூட வாய் மணக்க ஜெபம் பண்ணும். போன வருஷத்து ரைஸ் குக்கர் அவள் தெருவுக்குத்தான் போனது.

"வேற ஆளு எதுக்கு? வீட்டுக்குள்ள இருக்குற பாவிய விட்டுட்டு வெளியில தேடவா?" என்றாள் போக்சில்.

"அதுக்கில்ல. பாவம், நீங்களும் எவ்வளவுதான் பண்ணுவீங்க. சில பேரோட மனசு கல்லு."

போக்சிலுக்குச் சுர்ரென்றது. தன் புருஷனைத் தான் கல் என்று சொல்லலாம், கழுதை என்றும் சொல்லலாம். இவள் யார் சொல்ல? சீட்டை மரத்தின் உச்சிக் கிளையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, குத்தி மாட்டிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

தால்சூ துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். கடை என்று பேர், தகரக் கொட்டகைதான். அவள் போனபோது ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு, அதன் வயிற்றை ஒரு வெள்ளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அழைப்பு ஞாயிறுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சபை கொடுக்கிற துண்டு அது. 'கர்த்தர் உங்களை அழைக்கிறார்' என்று நீல எழுத்தில் அச்சடித்திருக்கும். வருஷா வருஷம் மிஞ்சியதை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள், அவர் கடைக்குக் கொண்டுபோய்விடுவார்.

"ஏங்க, அதுல ஆண்டவர் பேரு போட்டிருக்கு. தெரியுதா இல்லையா?"

"எழுத்து இல்லாத பக்கமாத்தான புள்ள துடைக்கிறேன்" என்றார் தால்சூ. வாயில் சிகரெட் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு? வசந்தத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சத மறந்தாச்சா? குவாங்ஜூ பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்ஸ்ல நான் உங்க காலப் புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணிக்கிட்டே வந்தேன். மறந்தாச்சா?"

மறக்கவில்லை. யார் மறந்தாலும் அவர் மறக்க முடியாது. நெஞ்சுக்குழாயில் கம்பிவலை வைத்த மறுநாள், கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "இந்த வருஷம் கோயிலுக்கு வரேன் புள்ள" என்பதுதான். அதைக் கேட்டு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குச் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு வால் இருந்தது. "குடியையும் சிகரெட்டையும் விட்டுட்டு வரேன். சும்மா சொல்லல."

அந்த வால்தான் பிரச்சினை. இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் இதைத்தான் சொல்கிறார். வரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வரமாட்டேன் என்றால் சண்டை போடலாம். வரேன், வரேன், விட்டுட்டு வரேன் என்று சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

"விட்டாச்சா?" என்றாள் அவருடைய வாயைக் காட்டி.

"பாதிக்குப் பாதி விட்டாச்சு."

"பாதி விட்டா பாதி பரலோகமா? வாசல்ல ஒரு காலு, வெளியில ஒரு காலு வச்சு நிப்பீங்களா? இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த வருஷம் நீங்க வந்தே ஆகணும். பேர உச்சியில மாட்டிட்டு வந்திருக்கேன். ஆனா இந்த நாத்தத்தோட வந்து என் மானத்த வாங்கிறாதீங்க. அந்தச் சோல் அம்மா மூக்கு இருக்கே, அது மூக்கில்ல, வேட்டை நாய்."

"அதான் விட்டுட்டு வரேன்னு சொல்றேன்ல" என்றார் தால்சூ, பாவமாக.

சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். அவள் தெருமுனை திரும்பும்வரை இன்னொன்று பற்ற வைக்கவில்லை. அந்த மட்டுக்கு மரியாதை உள்ள மனுஷன்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் முயற்சி பண்ணினார். பெட்டிக்கடையில் சிகரெட் கேட்பதை விட்டுவிட்டுக் காய்ந்த கணவாய் கேட்டார். நாளெல்லாம் அதை மென்று மென்று தாடை வீங்கி, கடைசியில் கஞ்சி குடிக்க வேண்டியதாயிற்று. சாயந்தரம் மீனவர்கள் சோஜுச் சாராய பாட்டிலோடு கொட்டகைக்கு வந்தால், நாரத்தை டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். "என்னண்ணே, செத்துப்போகப் போறீங்களா?" என்று அவர்கள் கேட்டார்கள். "ரட்சிக்கப்படப் போறேன்டா" என்று சொல்லியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்ட அன்று போக்சில் அவருக்குக் கடல் பாசி சூப்பில் இரண்டு மடங்கு சிப்பி போட்டாள். வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மனுஷனுக்குத் தலை கனத்துவிடும்.

அப்புறம் சூசோக் பண்டிகை வந்தது.

தால்சூ தலைமகன். அறுவடைப் பண்டிகையன்று அப்பன், தாத்தன் சமாதிக்கு அவர்தான் படையல் போட வேண்டும். போக்சில் கலியாணம் கட்டிவந்த நாளிலிருந்து அந்தப் படையலுக்குச் சமைப்பாள், கும்பிட மாட்டாள். அது அவர்கள் இருவருக்கும் இடையில் எப்போதோ ஏற்பட்ட ஒப்பந்தம். படைத்த சாராயத்தைத் தலைமகன் ஒரு வாய் குடித்து முடித்தால்தான் முன்னோர்கள் திருப்தியாகத் திரும்பிப் போவார்கள் என்பது வழக்கம். தம்பிகள் நிற்கிறார்கள், தம்பி பிள்ளைகள் நிற்கிறார்கள். கோப்பையை நீட்டுகிறார்கள். அவர் குடித்துவிட்டார்.

ஒரு கோப்பை. ஒன்றே ஒன்று. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் உட்கார்ந்து, "போச்சு புள்ள. எல்லாம் போச்சு. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இந்த வருஷம் முடியாது" என்றார்.

"என்ன மொதல்ல இருந்து? என்னங்க கணக்கு இது? ஒரு வாய் சாராயத்துக்கு ஆண்டவரு உங்க பேர அழிச்சுடுவாரா?"

"சுத்தமா வரணும்ல."

"ஐயோ, ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் போக்சில். "வந்து தொலைங்களேன் இந்த வருஷம்! அந்த ஞாயித்துக்கெழம ஒரு நாள், ஒரே ஒரு நாள் குடிக்காம இருங்க. பல்ல வெளக்கி, இஞ்சி மென்னு, அந்தக் கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்து பக்கத்துல உட்காருங்க. அவ்வளவுதான். ஒரு நாள் உங்களால முடியாதா?"

தால்சூ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஒரு நாள் முடியும்" என்றார்.

அது போதும் என்றிருந்தது அவளுக்கு. கட்டின நாளிலிருந்து இந்த மனுஷனோடுதான் குப்பை கொட்டியிருக்கிறாள். இவர் இப்படியே, ஏற்றுக்கொள்ளாமலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் போய்விட்டால்? தான் மட்டும் பரலோகம் போய், அங்கே பொன் தெருவில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது? சோல் அம்மாளோடு பேசிக்கொண்டிருப்பதா?

சனிக்கிழமையன்று, எப்போதோ மகள் கல்யாணத்துக்குத் தைத்திருந்த கோட்டைத் தால்சூ தாமே வெளியில் எடுத்துக் காற்றாட மாட்டினார். ஷூவுக்குப் பாலீஷ் போட்டார். போக்சில் பார்த்தும் பார்க்காத மாதிரி கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் நறுக்கினாள். மறுநாள் விடிந்ததும் அவள் விசேஷத்துக்கு உடுத்துகிற ஹன்போக் பாவாடையை உடுத்திக்கொண்டு முன்னாலேயே புறப்பட்டாள். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கிற பொறுப்பு அவளுக்கு.

"பதினொரு மணிக்கு மொத மணி அடிக்கும். அதுக்கு முன்னால வந்திருங்க. பல்லு, இஞ்சி, தலைக்கு எண்ணெய். மறந்துறாதீங்க."

"வரேன், வரேன், போ."

ஆலய வாசலில் ஒரு பக்கம் போக்சில், இன்னொரு பக்கம் சோல் குவோன்சா. இருவருக்கும் ரோஜா நிற ஹன்போக், வெள்ளைக் கையுறை, வாயில் சிரிப்பு. சபை வேன் மூன்று தடவை வந்து மூன்று தடவை ஆட்களை இறக்கிவிட்டது. சோல் அம்மாள் தெருவிலிருந்து சலூன்காரர், மீன் ஏலக்காரரின் தங்கை, வியட்நாமிலிருந்து கட்டிவந்த மருமகப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு, இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் சோல் அம்மாள் போக்சிலை ஒரு பார்வை பார்த்தாள். போக்சில் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மணி அடித்தது. காணோம். இந்த ஆள் ஏமாற்றிவிட்டார் என்று பல்லைக் கடித்தபோது, சரிவு ரோட்டில் ஒரு கறுப்புக் கோட்டு மெதுவாக ஏறி வருவது தெரிந்தது.

தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். ஷூ மின்னியது. எண்ணெய்க் கறை போகாத அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி இருந்தார். "என் வீட்டுக்காரர்" என்று சோல் அம்மாளிடம் வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிவிட்டு இரண்டு படி இறங்கினாள்.

இறங்கியதும் வாடை அடித்தது. சோஜு. இஞ்சிக்கு மேல் சோஜு, சோஜுவுக்கு மேல் சிகரெட்.

"குடிச்சிருக்கீங்களா?"

"ஒரு கிளாஸ் புள்ள" என்றார் தால்சூ. முகம் வெளிறியிருந்தது. "கை நடுங்குச்சு. கோட்டு பொத்தானே போட முடியல. வெளிய வந்தா காலு வரல. சூறாவளியிலகூட கடலுக்குப் போயிருக்கேன், இப்படி ஆனதில்ல. ஒரு கிளாஸ் போட்டாத்தான் படியேற முடியும்னு..."

படியேறிப் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மேலே சோல் அம்மாளின் மூக்கு ஒரு தடவை விரிந்து சுருங்கியது. "அட, கர்த்தாவே" என்று யாருக்கும் கேட்காத மாதிரி, எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னாள்.

போக்சிலுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரிப்பை மாறாமல் வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் பேசினாள். "ஒரு நாள். ஒரே ஒரு நாள் கேட்டேன். அதுகூட முடியலைல்ல உங்களுக்கு? போங்க. வீட்டுக்குப் போங்க. விட்டுட்டு அடுத்த வருஷம் வாங்க. இப்படியே உள்ள வந்து என்னத் தலைகுனிய வைக்காதீங்க."

தால்சூ "சரி" என்று தலையை ஆட்டினார். திரும்பினார். வந்த மாதிரியே, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனார்.

போக்சில் கடைசி மனுஷன் உள்ளே போகிற வரைக்கும் நின்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் 'ஒதுக்கப்பட்டது' என்று அவளே காலையில் வைத்த சீட்டு அப்படியே இருந்தது. அதன்மேல் தன் பாட்டுப் புத்தகத்தைப் போட்டு மறைத்தாள்.

பிரசங்கம் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். போதகர் கூ சின்ன வயசு, சபைக்கு வந்து இரண்டாவது வருஷம். மேசையைத் தட்டிப் பேசுகிற பழக்கம் இல்லை. பிரசங்கத்தை முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அழைப்புக்கு வந்தார்.

"நல்லாயிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு யாராவது சொல்வாங்களா? குளிச்சிட்டுக் குளியலறைக்குப் போறேன்னு சொல்வாங்களா? ஆண்டவர் கூப்பிடுறார். எப்படி இருக்கீங்களோ அப்படியே எழும்பி வாங்க. மத்ததெல்லாம் அவர் பார்த்துக்குவார்."

போக்சிலுக்கு இது புதிதா? வீடு வீடாகப் போய் இதே ஆஸ்பத்திரிக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! மீன் சந்தைக்காரிகளிடம், சிறைக்குப் போய்வந்த ஒருத்தனிடம், தினமும் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற படகுக்காரனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். 'அப்படியே வாங்க' என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவன் இப்போது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

சலூன்காரர் எழுந்து முன்னால் போனார். வியட்நாம் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். சபை பாடத் தொடங்கியது.

போக்சிலுக்குத் திடீரென்று பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கிழவன் ஏன் போனான்? எதற்குத்தான் அவர் அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார்? சூப்பில் உப்புப் போடாதீர்கள் என்றால் சண்டை. மழையில் கூரைமேல் ஏறாதீர்கள் என்றால் சண்டை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரு மாதம் சண்டை. எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்கிற மனுஷன், போ என்று சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாரே! 'எங்கிட்ட என்ன, உங்க ஆண்டவர்கிட்ட வந்திருக்கேன், வழிய விடு' என்று சொல்ல வேண்டியதுதானே? இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதானே?

பாட்டு நடுவில் எழுந்தாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுப்பாதை வழியாகவே வெளியே போனாள்.

அவர் வெகுதூரம் போயிருக்கவில்லை. சரிவு முடிகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடந்த அரிசிக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி, கசங்காமல் மடித்து, மடியில் வைத்திருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க? வீட்டுக்குத்தான போகச் சொன்னேன்?"

"போனேன். மேட்டுல ஏறி எறங்கினதுல மூச்சு வாங்குச்சு. சித்த உக்காந்தேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன் புள்ள வந்த? பாட்டு முடிஞ்சிருச்சா?"

"உங்களுக்கு நெசமாவே வர ஆசை இருக்கா, இல்லையா? ஒண்ணு, ஆமான்னு சொல்லுங்க. இல்ல, இல்லைன்னு சொல்லுங்க. என்னப் போட்டு வதைக்காதீங்க."

"ஆசை இல்லாமலா கோட்ட மாட்டிட்டு வந்தேன்?" தால்சூவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஆசுபத்திரியில நெஞ்ச அமுக்குனாங்களே, அன்னைக்கே அவர்கிட்டப் பேசிட்டேன். உங்ககிட்ட வரேன் ஆண்டவரேன்னு சொல்லிட்டேன். ஆனா உங்க ஆண்டவருக்கு நாத்தம் ஆகாதே. விட்டுட்டுத்தான வரணும்? விடத்தான் முடியல எனக்கு."

"நாத்தம் ஆகாதுன்னு யாரு சொன்னா?"

"நீதான்" என்றார் தால்சூ.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். "அவர எனக்கு வேற யாரு சொல்லிக் குடுத்தா? நீ சொல்றதத்தான் நான் நம்புறேன்."

போக்சில் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி ஆனது அபூர்வம். அவர் பக்கத்தில் படியில் உட்காரப் போனாள். உட்காராமல் அப்படியே நின்றாள். இருபத்தாறு வருஷம் உபவாசம் இருந்து ஜெபித்து, இந்த மனுஷனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் தானேதான் நின்றுகொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அந்த அரிசிக் கடை வாசலில் புரிந்தது.

"அடுத்த வருஷம் கட்டாயம் விட்டுட்டு வரேன் புள்ள" என்றார் தால்சூ, அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்.

"அடுத்த வருஷமா!" அவளுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. "அடுத்த வருஷம் வரைக்கும் யாரு உயிரோட இருக்கப் போறா? உங்களுக்கு நெஞ்சுல கம்பி, எனக்கு ரத்தக் கொதிப்பு! நீங்க விட்டுட்டு வர்றதுக்குள்ள ஆண்டவரே திரும்பி வந்துருவாரு! எந்திரிங்க!"

"இப்படியேவா?"

"இப்படியேதான்! என் பேச்ச எதுக்குமே கேக்க மாட்டீங்களே, இத ஒண்ண மட்டும் ஏங்க கேட்டுத் தொலைச்சீங்க? நான் ஒரு பைத்தியக்காரி. நீங்க அதுக்கு மேல. எந்திரிங்கன்னா!"

கையைப் பிடித்து இழுத்தாள். கோட்டைப் பிடுங்கி உதறி, அவர் தோளில் மாட்டினாள். பொத்தானை அவளே போட்டாள். ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டாள். அப்படியே விட்டுவிட்டாள்.

"மெதுவா ஏறுங்க. வாசல்ல போயி நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துறாதீங்க, அது வேற பேச்சாயிரும்."

"சோல் அம்மா இருப்பாங்களே."

"இருக்கட்டும்."

இருந்தாள். கதவருகில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சோல் குவோன்சா அவர்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். "குவோன்சாம்மா, இப்ப உள்ள... இவரு வந்து..."

"குடிச்சிருக்காரு" என்றாள் போக்சில். "எனக்கும் மூக்கு இருக்கு. வழி விடுங்க."

கதவைத் தள்ளினாள். பாட்டு கடைசி அடியில் இருந்தது. நடுப்பாதையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. வாடை அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தால்சூ பாதியில் நின்றார். "நடங்க" என்று இடுப்பில் இடித்தாள். நடந்தார்.

முன்னால் நின்றவர்களோடு அவரையும் நிறுத்தினாள். போதகர் கூ இறங்கி வந்து, ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டுக்கொண்டு, அவரிடம் வந்தார்.

"ஐயா, இயேசுவை உங்க ரட்சகரா ஏத்துக்கிறீங்களா?"

"நான் குடிச்சிருக்கேன் ஐயா" என்றார் தால்சூ.

"தெரியுது. வாசனை வருது. நான் அதக் கேக்கல."

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தால்சூ சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தார். எண்ணெய்க் கறைக் கை கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

"ஏத்துக்கிறேன். அவரு ஏத்துக்கிட்டா நானும் ஏத்துக்கிறேன்."

"நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்றீங்களா? சின்ன ஜெபம்தான்."

போதகர் ஒரு வரி சொன்னார். தால்சூவுக்கு அது வாயில் நுழையவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மறுபடியும் வரவில்லை. கடைசியில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, படகில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில், தம்பாட்டுக்குப் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஆண்டவரே, நான் மா தால்சூ. லேட்டாயிருச்சு. கோச்சுக்காதீங்க. என் பொஞ்சாதி என்னத் தெனமும் கூப்பிட்டா. இன்னைக்குத்தான் உள்ள விட்டா."

சபை முழுக்கச் சிரித்தது. மூன்றாவது பெஞ்சுக்காரன் கையைத் தட்டினான். போதகர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். போக்சிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ரோஜா நிறப் பாவாடை தரையில் பரக்க, புருஷன் பக்கத்தில் முழங்காலில் விழுந்தாள். "தப்புப் பண்ணிட்டேன், ஆண்டவரே. நான்தான், நான்தான்" என்று வாய்விட்டு அழுதாள். சோல் அம்மாள் கேட்கட்டும், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

தால்சூ பதறிப்போய் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏ புள்ள, என்ன இது, எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். சும்மா இருங்க" என்றாள் போக்சில், தலை நிமிராமல்.

போதகர் கூ புதிதாக ஏற்றுக்கொண்டவர்கள் தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டே வந்தார். சலூன்காரர், வியட்நாம் பெண், அவள் குழந்தை, தால்சூ. அடுத்துக் கை போக்சில் தலைக்கு மேல் வந்து தயங்கியது. இவர் சபையின் மூத்த குவோன்சா ஆயிற்றே.

"எனக்கும் வைங்க" என்றாள் அவள்.

வைத்தார்.